செக்கர் வைத்த புள்ளி

இருபத்தொரு வயதுக் காரை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அக்கடா என்று படுக்கலாம் என நினைக்கிற மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? செக்கர் வாராவாரம் அப்படித்தான் நினைப்பார். வாராவாரம் அந்தக் காரின் அடியில்தான் கிடப்பார்.

மின்விசிறித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. பெல்ட்டில் வருகிற விசிறியை எடுத்து, நாலு திருகாணியையும் முடுக்கிப் பார்த்து, ஒரு சுற்று ஓடவிட்டு, அடித்தட்டில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்து அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு புள்ளி. புள்ளி விழுந்த விசிறியை அதற்கு மேல் யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள், நேராகப் பெட்டிக்குள் போய்விடும். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குடியிருப்பிலும் செக்கர் என்றால் அவர்தான்.

கார் மூன்று கை மாறி அவரிடம் வந்து சேர்ந்தது. அவருடைய கல்யாணத்தைவிட அதற்கு ஒரு வயது கூட. அதனால் அவர் மனைவி அதற்கு மூத்தாள் என்று பெயர் வைத்திருந்தாள். யாராவது வந்து அவர் எங்கே என்று கேட்டால், "மூத்தாளைப் பாக்கப் போயிருக்காரு, கீழ காலு நீட்டிக்கிட்டிருக்கும் பாருங்க" என்பாள். ஒருமுறை பட்டறையில் விட்டு வாங்கியபோது ஒரு சக்கரத்தில் நட்டு ஒன்று குறைந்திருந்தது. அன்றிலிருந்து தன் கை படாத வண்டியில் தன் வீட்டு ஆள் ஏறக் கூடாது என்று செக்கர் ஒரே பிடியாக நின்றுவிட்டார். எண்ணெய் மாற்றுவது, பெல்ட் மாட்டுவது, விளக்கு மாற்றுவது, எல்லாம் அவரே. கழற்றிய எந்தச் சாமானையும் எறிய மனசு வராது. எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போய் விழும். டப்பா டிக்கியில் கிடந்து, பள்ளம் வரும்போதெல்லாம் கலகலவென்று பேசும்.

அந்த டப்பாவிலேயே ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலும் உண்டு. வெளியூரில் படிக்கிற மகள் விட்டுவிட்டுப் போனது, கண்ணைப் பறிக்கிற சிவப்பு. ஒரு போல்ட்டை முடுக்கி முடித்தால் அதன் தலையில் அந்தப் பாலிஷால் ஒரு புள்ளி வைப்பார் செக்கர். மாடி வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். பால்கனியில் நின்று இலவச யோசனை சொல்வதுதான் ஓய்வுக்குப் பிறகு அவர் பார்த்த வேலை. அவர்கூட இந்தப் புள்ளி விஷயத்தில் குறை சொன்னதில்லை. மனைவியும் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, கிளம்பும் முன் குனிந்து நாலு சக்கரத்து நட்டுகளிலும் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். அந்த வீட்டில் புள்ளி இருந்தால் பார்த்தாயிற்று என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவளுக்குப் புது வேலை. முன்பு அவள் திரைச்சீலை தைக்கிற கம்பெனியில் வெட்டும் மேஜையில் இருந்தவள். கம்பெனியை மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. இரண்டு வருடம் அவள் ஏறி இறங்காத இடம் இல்லை. கடைசியில் இருபத்துநாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில், வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடுகிற வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்கு உள்ளே கைரேகை வைத்திருக்க வேண்டும். முதல் மாதம் ஒரே ஒரு நாள் தாமதமானாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள், அதை முகத்துக்கு நேரே சொல்லித்தான் எடுத்தார்கள். அந்தப் பக்கம் முதல் பஸ்ஸே ஏழரைக்குத்தான். ஆக, மூத்தாள் ஓடினால் வேலை உண்டு. ஓடாவிட்டால் மறுபடி வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மூத்தாளோ பத்து நாளாகப் பிரேக் மிதித்தால் காது கூசக் கத்திக்கொண்டிருந்தாள். முன்சக்கரம் இரண்டிலும் பிரேக் கட்டை தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. செக்கர் புதுக் கட்டை வாங்கி வைத்துவிட்டார். மாற்றுவதற்கு ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். அந்த ஞாயிறுக்கு முந்தின நாள் பார்த்து இன்னொரு செக்கர் லீவு போட்டான். இவர் இரண்டு ஷிஃப்ட்டும் சேர்த்துப் பார்த்தார். எண்ணூறு புள்ளி. வீட்டுக்கு வந்து விழுந்தவர் ஞாயிறு மதியம்தான் எழுந்தார். அப்போதும் கண்ணில் மண்ணைக் கொட்டியது போலத்தான் இருந்தது.

இரண்டு மணிக்கு ஜாக்கியைப் போட்டார். வலதுபக்கம் முதலில். சக்கரத்தைக் கழற்றி, கட்டைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புப் பிடியின் போல்ட் இரண்டையும் கழற்றி, பழைய கட்டையை எடுத்துப் புதுசை வைத்தார். கட்டையோடு புது போல்ட்டுகளும் வந்திருந்தன. அவற்றைக் கையால் திருகி, பதினாலாம் நம்பர் ஸ்பேனரால் பல்லைக் கடித்து முடுக்கினார். புள்ளி வைத்தார். பழைய போல்ட்டுகளை வழக்கம்போல டப்பாவில் போட்டார். சொல்ல எளிதாக இருக்கிறது. துருப்பிடித்த அந்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. விரல் முட்டியில் தோல் பெயர்ந்து ரத்தம் வந்தது. மேலிருந்து டிரைவர், எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கலாமே என்றார். ஊறவைத்துத்தான் எடுத்தேன் அண்ணே என்று சொல்லக்கூட செக்கருக்குத் தெம்பில்லை.

இடதுபக்கம் வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்து போல்ட்டுகள் ஏனோ இரக்கப்பட்டு எளிதாகக் கழன்றன. ஒரு பழைய ரிங் ஸ்பேனரே போதுமாக இருந்தது. அதன் வாய் தேய்ந்தது. கழற்ற உதவும், இறுக்க வழுக்கும். புதுக் கட்டையை வைத்தார். இரண்டு போல்ட்டையும் விரலால் திருகி உள்ளே ஏற்றினார். முடுக்குவதற்குப் பதினாலாம் நம்பர் வேண்டும். கையை நீட்டித் துழாவினார். கையில் அகப்பட்டது பாலிஷ் பாட்டில். இருபத்திரண்டு வருடம் ஒரே வேலையைச் செய்த கை, எஜமானைக் கேட்காமலேயே மூடியைத் திறந்து, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு புள்ளி வைத்தது.

சரியாக அந்த நேரம் மனைவி வாசலுக்கு வந்தாள். இல்லத்தில் கொடுத்த நீலச் சீருடையை இடுப்பில் பிடித்துத் தைத்து முடித்திருந்தாள். ஒரு நிமிஷம் உள்ளே வந்து பார்த்துச் சொல்லச் சொன்னாள். போனார். அழகாக இருந்தது. இரண்டு வருடமாகச் சுருங்கிக் கிடந்த முகம் அன்றைக்கு விரிந்திருந்தது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார், காபி வந்தது, நாற்காலியில் சாய்ந்தார், அவ்வளவுதான். டம்ளர் கையில் இருக்கத் தூங்கிப்போனார்.

முக்கால் மணி நேரம் கழித்து விழித்தவர் பதறிக்கொண்டு ஓடிவந்து இடதுபக்கம் குனிந்தார். இரண்டு சிவப்புப் புள்ளி. அப்பாடா, முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறேன் என்று நினைத்தார். ஊரையெல்லாம் தன் புள்ளியை நம்பவைத்தவர் கடைசியில் தானே நம்பிவிட்டார். சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, பக்கத்துத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். பிரேக்கை மிதித்ததும் வண்டி பூனைபோல் சத்தமில்லாமல் நின்றது. விரலால் திருகிய போல்ட் இரண்டு தெரு தாங்காதா என்ன? மாடியிலிருந்து டிரைவர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் கிளம்பினாள். நட்டுப் புள்ளிகளை ஒரு சுற்று பார்த்துக்கொண்டாள். ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று அவர் சொல்ல, தெரியும் தெரியும், பையில் போட்டு டிக்கியிலேயே வைத்துவிட்டேன் என்றாள். கார் தெருமுனை திரும்பும்வரை செக்கர் பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்து நிமிஷம் கழித்துத் தொழிற்சாலை வேனுக்காகச் சாப்பாட்டுப் பையோடு இறங்கியவர், கார் நின்றிருந்த காலியிடத்தில் ஏதோ கிடப்பதைப் பார்த்தார். பதினாலாம் நம்பர் ஸ்பேனர். குனிந்து எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தார்.

நடந்தவர் நின்றார். திரும்பிப் போய் அந்த இடத்தைப் பார்த்தார். தரையில் எண்ணெய்க் கறை இருந்தது, ஜாக்கி அழுந்திய தடம் இருந்தது. ஸ்பேனர் கிடந்தது வலதுசக்கரம் நின்ற இடத்துக்கு உள்பக்கம். வலதுபக்கம் முடித்ததும் உருண்டு உள்ளே போயிருக்கிறது. அதன்பிறகு அது அங்கிருந்து அசையவேயில்லை. அப்படியானால் இடதுபக்கத்தை எதை வைத்து முடுக்கினேன்?

 யோசிக்க யோசிக்க, மூடியைத் திறந்தது நினைவு வருகிறது, புள்ளி வைத்தது நினைவு வருகிறது, முடுக்கியது மட்டும் வரவேயில்லை. போன் போட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். அவள் எடுக்க மாட்டாள், எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தானே.

 மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினார். டிரைவரிடம் ஒரு மொபெட் இருந்தது, அதற்கும் வயது குறைவில்லை. முண்டா பனியனோடு நின்றவர், "சட்டையைப் போட்டுக்கறேன், நீ கீழ போய் நில்லு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இலவச யோசனை சொல்லாத முதல் நாள் அதுதான்.

மொபெட் முக்கிமுனகி முப்பதில் போயிற்று. அதற்கு மேல் அதற்கும் முடியாது, அவருக்கும் பழக்கமில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டிய உடம்பு, ஸ்டாப் வந்தால் தன்னையறியாமல் வேகத்தைக் குறைத்தது. ஆட்கள் நின்றால் இன்னும் குறைத்தது. பின்னால் உட்கார்ந்திருந்த செக்கருக்கு உயிர் போய் உயிர் வந்தது. வழியெல்லாம் ரோட்டோரப் பள்ளங்களை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். பெரிய லாரிகள் உரசிக்கொண்டு போகிற ரோடு அது. பதினைந்தாவது கிலோமீட்டரில் ஒரு வளைவில் பத்துப் பேர் கூடி நின்றார்கள். செக்கர் டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் வேடிக்கை. செக்கர் அழுதுவிட்டார். காற்று அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தார், யாரும் கேட்காமலே.

முதியோர் இல்லத்தின் வாசலுக்கு வந்தபோது மணி ஏழரை. உள்ளே, மரத்தடியில், கோட்டுக்குள் ஒழுங்காக நின்றிருந்தாள் மூத்தாள். அதைப் பார்த்ததும் செக்கர் காவலாளியின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார். நோயாளியைச் சேர்க்க வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று காவலாளி நாற்காலி எடுத்துவர ஓடினார். டிரைவர்தான் விஷயத்தை விளக்கினார். தன் வாழ்நாளில் பார்த்த பிரேக் கோளாறுகள் அத்தனையையும் சேர்த்து விளக்கினார். அது முடிய பதினைந்து நிமிஷம் ஆயிற்று. பிறகு அவர் டீக்கடை தேடிப் போனார்.

செக்கரிடம் மாற்றுச் சாவி இருந்தது. தொழிற்சாலைக்குப் போன் போட்டு லீவு சொன்னார். மேலாளர் கத்தியது காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. ஜாக்கியைப் போட்டு இடதுசக்கரத்தைக் கழற்றினார். கீழ் போல்ட் இல்லை. எந்த ரோட்டில் விழுந்ததோ, அந்த ஓட்டை மட்டும் அவரைப் பார்த்தது. மேல் போல்ட் இரண்டே மரையில் தொங்கிக்கொண்டிருந்தது, விரல் பட்டதும் சுற்றியது. இரும்புப் பிடி சரிந்து சக்கரத்தின் உள்விளிம்பை உரசி வெள்ளையாக ஒரு தடம் போட்டிருந்தது. தொங்கிக்கொண்டிருந்த போல்ட்டின் தலையில் அவருடைய புள்ளி, நேற்று வைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, பளிச்சென்று இருந்தது.

டப்பாவைக் கவிழ்த்துப் பழைய போல்ட் ஒன்றை எடுத்தார். எறியாமல் வைத்த புத்திக்கு அன்றைக்கு ஒருநாள் நன்றி சொல்லலாம். அதைத் துடைத்துக்கொண்டிருக்கையில்தான் அந்த நினைப்பு வந்தது. அவள் பை லாக்கரில் இருக்கும், போனைப் பார்த்திருக்க மாட்டாள். இப்போது இதை முடுக்கி, சக்கரத்தை மாட்டிவிட்டுப் போய்விட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. முதல் நாளும் அதுவுமாக ஏன் மனசைக் கெடுக்க வேண்டும்? டிரைவர் வாயை அடைப்பதுதான் கொஞ்சம் கஷ்டம். அப்படி நினைக்கவும் செய்தார் மனிதர். அதை உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

"என்னங்க, இங்க என்ன பண்றீங்க?"

நீலச் சீருடையில் அவள் நின்றிருந்தாள். முன்பக்கம் யாரோ துப்பிய கஞ்சியின் கறை. உன் வீட்டுக்காரர் காரைக் கழற்றுகிறார் என்று மட்டும் காவலாளி போய்ச் சொல்லியிருக்கிறார். பத்து நிமிஷ இடைவேளை அவளுக்கு. அவர் பதில் சொல்லும் முன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள். ஆறு ஐம்பத்திரண்டுக்குக் கைரேகை வைத்தாளாம். மேற்பார்வைக்கார அம்மா தலையசைத்தாளாம். ஒரு பெரியவர் அவளைத் தன் மகள் என்று நினைத்துக் கையை விடவேயில்லையாம். கால் இரண்டும் இப்பொழுதே விண்விண்ணென்று தெறிக்கிறதாம். சொல்லிக்கொண்டே கழற்றிய சக்கரத்தைப் பார்த்தாள்.

"அந்தச் சத்தம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? பாதி வழியில டக்டக்னு ஒண்ணு ஆரம்பிச்சுது. ஓரமா நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒடிச்சுட்டு குனிஞ்சு பாத்தேன். உங்க புள்ளி இருந்துச்சு. சரி, இவரு பாத்துட்டாரு, இனி நமக்கென்னன்னு ஏறி வந்துட்டேன்."

செக்கர் கையிலிருந்த போல்ட்டைப் பார்த்தார். டிரைவரின் வாயை அடைக்கிற யோசனையெல்லாம் எங்கோ போய்விட்டது.

"நான் பாக்கலம்மா," என்றார். "புள்ளி மட்டுந்தான் வச்சேன். முடுக்கல. தூங்கிட்டேன். எந்திரிச்சு வந்து அதே புள்ளியைப் பாத்துட்டு நானும் நம்பிட்டேன். ஒரு போல்ட்டு வழியில விழுந்துடுச்சு. இன்னொண்ணும் விழுந்திருக்கும்."

அவள் குனிந்தாள். ஓட்டையைப் பார்த்தாள், வெள்ளைத் தடத்தைப் பார்த்தாள். கோபம் வந்தால் கத்துகிறவள்தான். அன்றைக்குக் கத்தவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அப்ப நான் உங்களை நம்பி வரல," என்றாள் மெதுவாக. "நெயில் பாலிஷை நம்பி வந்திருக்கேன்."

  மன்னிச்சுக்கோ என்றார், அது அவருக்கே போதவில்லை. தூக்கம் இல்லாத கண்கள், தோல் பெயர்ந்த விரல் முட்டி, கறுப்பு அப்பிய நகங்கள், எல்லாவற்றையும் அவள் பார்த்தாள். பார்த்துப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்ய நேரமில்லை, இடைவேளையில் ஆறு நிமிஷம்தான் பாக்கி.

"ஸ்பேனரைக் குடுங்க."

சீருடையை முட்டிக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு குந்தினாள். அவர் பழைய போல்ட்டைக் கையால் ஏற்றிக்கொடுத்தார். அவள் முடுக்கினாள். போதும் என்றார். அவள் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாள். மேல் போல்ட்டையும் அப்படியே. பிறகு டப்பாவிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அவர் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை.

"துணி வெட்டும்போது ரெண்டு துணியிலயும் சேத்துத்தான் கோடு போடுவோம்," என்றாள். "ஒண்ணு நகந்தா கோடு ஒடஞ்சு காட்டிக் குடுத்துடும். உங்க புள்ளி ஒரு பக்கத்துல மட்டும் ஒக்காந்திருக்கு. போல்ட்டு கழண்டாலும் அது கூடவே சுத்திக்கிட்டு சிரிச்சுக்கிட்டிருக்கும்."

போல்ட்டின் தலையில் தொடங்கி இரும்புப் பிடியின்மேல் முடிகிற மாதிரி ஒரு கோடு இழுத்தாள். வெட்டும் மேஜையில் பதினைந்து வருடம் இருந்த கை, கோடு நூல் பிடித்தாற்போல் விழுந்தது. இரண்டாவதும் இழுத்தாள். எழுந்து சீருடையை இறக்கிவிட்டாள்.

"இனிமே முடுக்குறது நீங்க. தொட்டுப் பாத்து கோடு போடுறது நான். அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் கழட்டி வைங்க."

"அதை நல்லா முடுக்கிட்டேன். சத்தியமா."

"தெரியும். கழட்டுங்க. பன்னெண்டரைக்கு வருவேன்."

மணி அடித்தது. அவள் பாட்டிலை அவர் கையில் வைத்துவிட்டு, தெறிக்கிற காலோடு விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

செக்கர் இடதுசக்கரத்தை மாட்டினார். வலதுபக்கம் போய் ஜாக்கியைப் போட்டு, சக்கரத்தைக் கழற்றி, இரண்டு போல்ட்டையும் தொட்டுப் பார்த்தார். கல்லு மாதிரி இருந்தன. அவற்றின் மேலிருந்த பழைய புள்ளிகளைச் சுரண்டி எடுத்தார். டீ குடித்துவிட்டு வந்த டிரைவர் மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தார். பன்னிரண்டரைக்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது.

சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்தார். இமை தானாக மூடியது, கை தானாகப் பாட்டிலின் மூடியைத் திருகியது. பாதி திறந்தபிறகுதான் பார்த்தார். பிரஷ் ஈரமாக, போல்ட்டுக்கு நேரே நீண்டிருந்தது. செக்கர் அதை உள்ளே விட்டு மூடினார். மூடி இறுகிவிட்டதா என்று இன்னொரு முறை திருகிப் பார்த்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.